பூட்டிய வீட்டைத் தொலைவிலிருந்து காண: கண்காணிப்புக் கேமராவை அமைக்கும் முறை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் நம் வாடிக்கையாளர்களில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சில நாட்கள் வெளியூர் செல்லாதவர் அரிது. சிகிச்சைக்காக வேலூர், பிள்ளைகளைக் காணச் சென்னை, பெங்களூரு, உறவினர் இல்லத் திருமணங்கள் எனப் பயணங்களுக்குக் குறைவில்லை. மறுபுறம், பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரிய, முதிய பெற்றோர் மட்டும் தங்கியிருக்கும் வீடுகளும் பல. இவ்விரு சூழல்களிலும் உதவக்கூடியது, இணையத்துடன் இணைந்த கண்காணிப்புக் கேமரா. இன்று அது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கேமராவை வாங்கிச் சுவரில் பொருத்துவது ஒரு மணி நேர வேலை. அதன் காட்சியை நாமும் நம்மைச் சேர்ந்தவர்களும் மட்டுமே காணும்படி செய்வதில்தான் கவனம் தேவைப்படுகிறது. நம் கைபேசியில் வங்கிச் செயலி இயங்கும் அதே வைஃபையில்தான் இக்கேமராவும் இணைகிறது என்பதால், இது வங்கி வாடிக்கையாளர்களுக்கு இருமடங்கு பொருந்தும். இக்கட்டுரையில் அமைக்கும் முறையையும், அதிலுள்ள அபாயங்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் வரிசையாகக் காண்போம்.

காவல்துறை வழங்கும் வசதி

சொந்தமாகக் கேமரா வாங்குமுன், ஆந்திர பிரதேசக் காவல்துறையின் பூட்டிய வீடுகளைக் கண்காணிக்கும் திட்டத்தை அறிந்துகொள்வது நல்லது. எல்.எச்.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் இத்திட்டம் திருப்பதியிலும் செயல்படுத்தப்பட்டது. வெளியூர் செல்பவர் கைபேசிச் செயலி வழியாகப் பதிவு செய்து, பயண நாட்களைத் தெரிவிக்க வேண்டும். காவலர்கள் வந்து, அசைவை உணரும் கேமரா ஒன்றை வீட்டினுள் வைத்துச் செல்வார்கள். பூட்டிய வீட்டினுள் ஆள் நடமாட்டம் தென்பட்டால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை செல்லும். அருகிலுள்ள ரோந்துக் காவலர்கள் விரைவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பயணம் செய்பவர்கள், தங்கள் காவல் நிலையத்தில் இவ்வசதி இப்போது கிடைக்கிறதா என்று கேட்டறியலாம்.

இத்திட்டம் நமக்கு ஒரு பாடத்தையும் தருகிறது. அதில் எச்சரிக்கை செல்வது, உடனே செயல்படக்கூடியவரிடம். சொந்தக் கேமராவில் எச்சரிக்கை நம் கைபேசிக்கு வருகிறது. நாமோ இருநூறு கிலோமீட்டர் தொலைவில் இருப்போம். திருமலைக்குச் செல்பவர் நிலையை எண்ணிப் பாருங்கள். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. தரிசன வரிசையில் நுழையுமுன் அதை ஒப்படைத்துவிட்டால், மீண்டும் கைக்கு வரும்வரை எந்த எச்சரிக்கையும் நம்மை எட்டாது. ஆகவே, அதே ஊரிலுள்ள உடன்பிறந்தவர் அல்லது நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டார் ஒருவருக்கும் எச்சரிக்கை செல்லும்படி அமைப்பது அவசியம்.

எத்தகைய கேமரா வாங்கலாம்

வீடுகளுக்குப் பொதுவாக இரு வகை அமைப்புகள் கிடைக்கின்றன. முதலாவது, வைஃபையில் நேரடியாக இணையும் தனிக் கேமரா. காட்சிகள் அதனுள் செருகப்படும் மெமரி கார்டில் பதிவாகும். ஒன்றிரண்டு கேமராக்கள் போதுமான வீடுகளுக்கு இது ஏற்றது. இரண்டாவது, கம்பி வழியாகப் பல கேமராக்களை ஒரு ரெக்கார்டர் பெட்டியுடன் இணைக்கும் முறை. பதிவுகள் பெட்டியிலுள்ள ஹார்டு டிஸ்க்கில் சேரும். தனி வீடு, கடை, கிடங்கு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். கேமராவைத் திருடர் பிடுங்கிச் சென்றால், முதல் வகையில் பதிவும் அதனுடன் போய்விடும். இரண்டாம் வகையில் பதிவு பெட்டியில் நிற்கும். எனவே ரெக்கார்டர் பெட்டியைத் தொலைக்காட்சிக்கு அருகே வைக்காமல், பூட்டக்கூடிய அலமாரியில் காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும்.

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரல் 9 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்புக் கேமராக்கள் அரசு ஏற்ற ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். கால நீட்டிப்புக்குப் பின் இவ்விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கும்போது பெட்டியின் மீது பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதா என்று பார்த்து, ரசீதும் பெற்றுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவுக் கேமராக்களுக்கும், பயன்படுத்தப்பட்ட பழைய ரெக்கார்டர்களுக்கும் மென்பொருள் புதுப்பிப்பு கிடைப்பது அரிது.

படிப்படியாக அமைத்தல்

1. கேமரா வைக்கப்போகும் இடத்தில் நின்று, கைபேசியில் வைஃபை சீராகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்த விலைக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். இணைப்பு அமையவில்லையெனில், கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பது காரணமாக இருக்கலாம்.

2. உற்பத்தி நிறுவனத்தின் செயலியைக் கைபேசியின் அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் இணைப்பு வேண்டாம்.

3. செயலிக் கணக்கை உங்கள் சொந்தக் கைபேசி எண்ணிலோ மின்னஞ்சலிலோ தொடங்குங்கள். இதைப் பொருத்த வந்தவரின் எண்ணில் தொடங்க அனுமதிக்க வேண்டாம்.

4. கேமராவின் கியூஆர் குறியீட்டைச் செயலியில் காட்டி, வைஃபை கடவுச்சொல்லை இட்டால் கேமரா இணையும். உடனே அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றி, மென்பொருளையும் புதுப்பியுங்கள்.

5. கேமராவில் நாள், நேரம் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். தவறான நேரத்துடன் கூடிய பதிவு, காவல்துறை விசாரணையில் குழப்பத்தை உண்டாக்கும்.

6. எட்டு முதல் ஒன்பது அடி உயரத்தில், வருபவரின் முகம் தெரியுமாறு பொருத்துங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால், இரவில் கேமராவின் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, காட்சி வெண்மையாகிவிடும்.

7. அசைவு எச்சரிக்கைக்கான எல்லையை வாசல் கதவு அளவுக்குச் சுருக்குங்கள். தெருவையும் மரக்கிளையையும் சேர்த்துவிட்டால் நாளொன்றுக்கு நூறு எச்சரிக்கைகள் வரும். அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கம் வந்துவிட்டால், உண்மையான எச்சரிக்கையும் கவனம் பெறாமல் போகும்.

8. இறுதியாக, கைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் காட்சி வருகிறதா என்று சோதியுங்கள். வீட்டு வைஃபையில் தெரிவது மட்டும் வெளியூரிலிருந்து தெரியும் என்பதற்கு உறுதியாகாது.

மின்சாரமும் டேட்டாவும்

இரண்டு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட் டேட்டாவை உருவாக்குகிறது என்று கொள்வோம். மணிக்கு அது 900 மெகாபைட், நாளொன்றுக்கு 21.6 கிகாபைட். ஆகவே, 128 கிகாபைட் மெமரி கார்டில் தொடர் பதிவு ஆறு நாட்களுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதன்பின் பழைய பதிவின் மீது புதியது எழுதப்படும். பத்து நாள் பயணம் செல்பவர் இக்கணக்கை முன்கூட்டியே பார்த்து, அசைவின்போது மட்டும் பதிவு செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தொடர்ந்து எழுதப்படும் பயன்பாட்டுக்கெனத் தயாரிக்கப்பட்ட கார்டுகளையே வாங்க வேண்டும். சாதாரணக் கார்டுகள் விரைவில் பழுதாகும். மொபைல் டேட்டாவில் பார்க்கும்போது தெளிவு குறைந்த காட்சியைத் தெரிவு செய்தால் செலவு பெரிதும் குறையும்.

மின்தடையின்போது கேமராவுக்கு மட்டும் மின்சாரம் தந்தால் போதாது. ரூட்டரும் இயங்க வேண்டும். ரூட்டருக்கென 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கிடைக்கிறது; அது சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் உங்கள் ரூட்டரின் மின்னழுத்தத்தைச் சரிபாருங்கள். தெருவிலுள்ள இணைய நிறுவனத்தின் கருவி மின்சாரம் இழந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். அப்போதும் மெமரி கார்டில் பதிவு தொடரும்.

காட்சி நம் கைபேசிக்கு வரும் வழிகள்

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கட்டடத்துக்கு ஒரே தெரு முகவரி; உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். ‘இரண்டாம் மாடி, மூன்றாம் எண்’ என்று மட்டும் எழுதினால் தபால் வந்து சேராது. அவ்வாறான எண் எல்லாக் கட்டடங்களிலும் உண்டு. நம் வீட்டுக் கேமராவுக்கு ரூட்டர் தரும் 192.168 எனத் தொடங்கும் முகவரியும் அத்தகையதே. வீட்டுக்குள் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. வெளியுலகு அறிவது ரூட்டரின் பொது முகவரியை மட்டுமே. உள்ளிருந்து வெளியே செல்பவற்றை ரூட்டர் அனுமதிக்கும். வெளியிலிருந்து அழையாமல் வருபவற்றைத் தடுக்கும். இத்தடையைக் கடந்து காட்சியைக் காண மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, உற்பத்தி நிறுவனத்தின் சர்வர். கேமரா உள்ளிருந்தே அந்தச் சர்வரைத் தொடர்பு கொள்கிறது. நம் செயலியும் அதே சர்வருக்குச் செல்கிறது. இரண்டையும் சர்வர் இணைத்துவைக்கிறது. ரூட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இதன் பாதுகாப்பு, செயலிக் கணக்கின் கடவுச்சொல்லையும் நிறுவனத்தின் நம்பகத்தன்மையையும் பொறுத்தது.

இரண்டாம் வழி, போர்ட் ஃபார்வர்டிங். ரூட்டரில் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு வரும் அழைப்புகளை நேராகக் கேமராவுக்கு அனுப்பும்படி சொல்வது இது. குடியிருப்பின் சுற்றுச்சுவரில் ஒரு வீட்டுக்கென நேர்வாசல் வைப்பதைப் போன்றது. வாசல் நமக்காக வைக்கப்பட்டாலும், தெருவில் போகும் எவரும் அதைத் தட்டிப் பார்க்கலாம். இணையத்தில் இத்தகைய திறந்த வாசல்களைத் தேடி இரவும் பகலும் அலையும் மென்பொருள்கள் உண்டு. ஆகவே வீடுகளுக்கு இவ்வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பலருக்கு இவ்வழி கிடைப்பதும் இல்லை. உலகிலுள்ள பழைய வகை இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. அவை போதாமையால், இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், உங்கள் இணைப்பும் அத்தகையதே. போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் காட்சி வராமல் தடுமாறுபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம்.

மூன்றாம் வழி, வி.பி.என். எனப்படும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை. வெளியூரிலுள்ள கைபேசி முதலில் இப்பாதை வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பின்னர் வீட்டிலிருப்பதைப் போலவே கேமராவைக் காணும். தொழில்நுட்ப அறிவுள்ளவர் குடும்பத்தில் இருந்தால், ரெக்கார்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் இது சிறந்தது.

மாற்றப்படாத கடவுச்சொல்லின் விளைவு

2016-இல் மிராய் என்ற தீம்பொருள் உலகெங்குமுள்ள இணையக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. அதற்கு அரிய நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் இடப்படும் ஏறத்தாழ அறுபது பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. திறந்தவற்றைத் தன் படையில் சேர்த்துக்கொண்டது. 2016 அக்டோபர் 21 அன்று இவ்வாறு கைப்பற்றப்பட்ட கருவிகள் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. அக்கேமராக்களின் உரிமையாளர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் கருவி இதில் பங்கேற்றதே தெரியாது.

நம் நாட்டில் நிகழ்ந்தது இன்னும் வேதனைக்குரியது. குஜராத்தின் ராஜ்கோட்டிலுள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் இணையத்தில் விற்கப்படுவது 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கிருந்த அமைப்பின் கடவுச்சொல், தொழிற்சாலை இட்ட ‘அட்மின்123’ என்பதே. பல மாநிலங்களிலுள்ள கேமராக்களிலும் அக்கும்பல் இவ்வாறு ஊடுருவியிருந்தது விசாரணையில் தெரியவந்தது. பாதுகாப்புக்கெனப் பொருத்திய கருவியே அப்பெண்களின் மானத்துக்கு ஊறு செய்தது.

செய்ய வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகள்

கேமரா, ரெக்கார்டர், செயலிக் கணக்கு, ரூட்டர், வைஃபை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். குறைந்தது பன்னிரண்டு எழுத்துகள் இருக்கட்டும். இணைய வங்கிக் கடவுச்சொல்லை இவற்றில் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. செயலியில் இருபடிச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். அப்போது கடவுச்சொல் கசிந்தாலும் ஓடிபி இன்றி எவரும் நுழைய முடியாது.

ரூட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்ற வசதி இருந்தால், கேமராவை அதில் இணைத்து, வங்கிச் செயலியுள்ள கைபேசியையும் கணினியையும் முதன்மை நெட்வொர்க்கில் வையுங்கள். கேமரா எவர் கைக்கேனும் போனாலும், அவர் மற்றக் கருவிகளை அடைவது கடினமாகும். கருவிகள் தாமே வாசல் திறந்துகொள்ள இடமளிக்கும் யு.பி.என்.பி. என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

கேமராவைப் பொருத்தியவர் சென்றபின் எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அவர் நேர்மையானவராக இருக்கலாம். ஆயினும் வீட்டைக் கட்டிய கொத்தனாரிடம் நாம் சாவியை விட்டுவைப்பதில்லை. குடும்பத்தாருக்குக் காட்சி தர வேண்டுமெனில், கடவுச்சொல்லைச் சொல்லாமல் செயலியிலுள்ள பகிர்வு வசதியைப் பயன்படுத்துங்கள். தேவை முடிந்ததும் அதை நீக்கிவிடலாம்.

கேமரா பழுதானால், உதவி எண்ணை இணையத் தேடலில் தேட வேண்டாம். பெட்டியிலோ ரசீதிலோ உள்ள எண்ணையே அழையுங்கள். ‘பழுதைச் சரிசெய்கிறேன்’ என்று கூறி, உங்கள் கைபேசியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர், உங்கள் வங்கிச் செயலியையும் அதே திரையில் காண்பார். இத்தகைய செயலிகள் வழியான மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்துள்ளது.

கேமரா எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது

வாசல், மாடிப்படி, பின்கதவு, வாகன நிறுத்தம் ஆகியவை போதுமானவை. படுக்கையறையிலும் குளியலறை வாயிலிலும் கேமரா கூடாது. ஒருவரின் அந்தரங்கப் பகுதிகளை அவரது இசைவின்றிப் படமெடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். அண்டை வீட்டு ஜன்னலும் முற்றமும் காட்சியில் விழாதபடி திருப்பிவையுங்கள். பெற்றோருக்காக வைக்கும் கேமராவை அவர்களது சம்மதத்துடன் வைத்து, எப்போது யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பணியாளருக்கும் கேமரா இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

நகை வைத்திருக்கும் பீரோ, பணம் எண்ணும் மேசை, ஏடிஎம் பின் எண்ணை அழுத்தும் இடம் ஆகியவை கேமராவின் பார்வையில் வேண்டாம். காட்சி கசிந்தால் அது திருடருக்கே வழிகாட்டியாகிவிடும்.

விலைமதிப்புள்ள நகைகளைப் பயண நாட்களில் வங்கிப் பெட்டகத்தில் வைப்பதே தக்கது. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பெட்டக அறைக்குள் சென்று வருவோரின் கேமராப் பதிவுகளை வங்கிகள் குறைந்தது 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். வங்கியின் கவனக்குறைவால் திருட்டு, தீ போன்றவை நேர்ந்தாலோ, ஊழியர் மோசடி செய்தாலோ, வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. வீட்டுக் கேமராவில் ஆறு நாட்களில் அழியும் பதிவுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை வந்தால்

காட்சியில் அந்நியர் தென்பட்டால் முதலில் 112-ஐ அழையுங்கள். வெளியூரிலிருந்து அழைத்தால் உங்கள் வீடு உள்ள மாவட்டத்தையும் ஊரையும் தெளிவாகக் கூறுங்கள். உள்ளூர்க் காவல் நிலைய எண்ணைப் பயணத்துக்கு முன்பே கைபேசியில் சேமித்துவைத்தால் நேரம் மிச்சமாகும். பிறகு உள்ளூர் உறவினருக்குச் சொல்லுங்கள். ஆனால் காவலர் வருமுன் தனியாக உள்ளே செல்ல வேண்டாம் என்றும் கூறுங்கள். அக்காட்சியை உடனே கைபேசியில் சேமியுங்கள். காவல்துறைக்கும், வீட்டுக் காப்பீடு இருந்தால் அந்நிறுவனத்துக்கும் அது உதவும்.

கேமரா தானே திரும்புவது, அறியாத கருவியிலிருந்து கணக்கு திறக்கப்பட்டதாக அறிவிப்பு வருவது போன்றவை நிகழ்ந்தால், கேமராவின் மின்இணைப்பைத் துண்டித்து, கடவுச்சொற்களை வேறொரு பாதுகாப்பான இணைப்பிலிருந்து மாற்றுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளிக்கலாம். பணமும் இழந்திருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். விரைவில் தெரிவிக்கும்போது பணத்தை இடைமறித்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே கேமரா பொருத்தியுள்ள வாடிக்கையாளர்கள் இவ்வாரத்திலேயே மூன்றைச் சரிபார்க்க வேண்டுகிறோம்: கணக்கு யாருடைய எண்ணில் உள்ளது, தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா, நாம் கைபேசியைப் பார்க்க இயலாதபோது எச்சரிக்கையைக் காண்பவர் யார். இவற்றுக்கு அரை மணி நேரம் போதும்.